சிலேடை நடத்தப் போறீங்களா, விளக்கத்த கடைசிக்கு வைங்க

எட்டாவது ஒன்பதாவது பசங்களுக்கு சிலேடை எடுக்கிறப்ப முதல்லயே "ஒரு சொல் இரு பொருள் தருவது"ன்னு போர்டுல எழுதிடாதீங்க, அவங்களா கண்டுபிடிக்கிற சந்தோஷம் அதோட போயிடும். நேரா காளமேகத்துக்குப் போங்க. 15ஆம் நூற்றாண்டுக்காரர், ஆனா அவர் பாட்டு இன்னிக்கும் கிளாஸ்ல எடுபடும்.

இந்த மூணு அடிய மட்டும் எழுதுங்க, விடை கடைசி அடியில இருக்கு, அத மறைச்சிடுங்க:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் - ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்

கிளாஸ ரெண்டா பிரிச்சு ஒரு பக்கத்துக்கு 'பாம்பு'ன்னும் இன்னொரு பக்கத்துக்கு 'எள்ளு'ன்னும் சீட்டு எழுதிக் குடுங்க, எதிர்ப்பக்கத்துக்கு என்ன போச்சுன்னு தெரியக்கூடாது. பாட்டு எங்களோடதுதான்னு ரெண்டு பக்கமும் அடிக்கு அடி நிரூபிக்கணும். டவுன் பசங்க நிறைய பேர் செக்கு பார்த்திருக்க மாட்டாங்க, அதனால எள்ளு ஆட்டுற வீடியோ ஒண்ணு முன்னாடியே போட்டுக் காட்டிடுங்க, இல்லன்னா 'ஆடிக் குடத்தடையும்' புரியவே புரியாது. பாம்பு படமெடுத்து ஆடிட்டு குடத்துக்குள்ள அடங்கும், எள்ளு செக்குல ஆடி எண்ணெயா குடத்துக்கு வரும். மூடுன குடத்தத் திறந்தா பாம்பு முகத்தக் காட்டும், எண்ணெய்க் குடத்தத் திறந்தா அதுல நம்ம முகமே தெரியும். பிண்ணாக்குல கொஞ்சம் நின்னு நிதானமா போங்க. எள்ளுப் பக்கம் டக்குனு சொல்லிடும், பாம்புப் பக்கம் முழிக்கும், பிளவுபட்ட நாக்குன்னு யாராவது ஒருத்தர் பிரிச்சுப் பார்க்கிற வரைக்கும் நீங்க வாயத் திறக்காதீங்க.

இப்ப பேர் சொல்லலாம். சொல்லப் பிரிக்காமலே ரெண்டு அர்த்தம் வந்தா செம்மொழிச் சிலேடை, பிரிச்சா வர்றது பிரிமொழிச் சிலேடை, அவ்வளவுதான்.

அப்புறம் எழுத விடுங்க. மாலை, மணம், ஆறு, படி, நகை மாதிரி சொல்லா குடுத்து ஒரே ஒரு வரி கேளுங்க. "மாலை வந்தாச்சு, மணந்தான் இன்னும் வரல"ங்கிற மாதிரி வந்தா போதும், கல்யாணத்துக்கும் பொருந்துது, மல்லிகை மலராத சாயங்காலத்துக்கும் பொருந்துது. ஒரு அர்த்தம் இயல்பா இருந்து இன்னொண்ணு இழுத்துப் பிடிச்சு உட்கார வச்ச மாதிரி இருந்தா திருப்பி எழுதச் சொல்லுங்க, இதுல தாட்சண்யம் வேணாம்.

சிலேடை முடிஞ்சதும் சொல் தேர்வும் சொல் வரிசையும் எடுக்கணும்னா, என்னைக் கேட்டா கம்பன்தான். இலங்கையில இருந்து வந்த அனுமன் ராமன்கிட்ட சொல்றது: "கண்டனென் கற்பினுக்கு அணியைக் கண்களால்". நாலு சொல்லையும் தனித்தனி துண்டு பேப்பர்ல எழுதிக் கலைச்சுக் குடுத்து அடுக்கச் சொல்லுங்க. நிறைய பேர் 'கற்பினுக்கு அணியை'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அப்படிச் சொன்னா, சீதைக்கு என்ன ஆச்சோன்னு ராமன் அந்த ஒரு நொடி தவிக்கணுமே, அதனாலதான் 'கண்டனென்' முந்திக்குதுன்னு அவங்களே பேசிப் பேசி வந்து சேரட்டும். எல்லாரும் கண்ணாலதான பார்ப்பாங்க, அப்புறம் 'கண்களால்' எதுக்குன்னு கேட்டு அத மட்டும் வீட்டுப் பாடமா குடுத்துடுங்க.