புதிதாக வடிவமைத்த காரை முதல் ஆண்டிலேயே வாங்கலாமா? தர்மபுரி வட்டாரத்தினருக்கு ஒரு செய்முறை விளக்கம்

முழுவதும் மாற்றியமைக்கப்பட்ட மாடல் ஷோரூமுக்கு வந்த வாரமே முன்பணம் கட்டிவிடுவது, முதல் கார் வாங்குவோரிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம். பெங்களூருவில் இருப்பவருக்கு அது சிறு துணிச்சல்தான். அரூரிலோ பென்னாகரத்திலோ இருப்பவர் ஒவ்வொரு கோளாறுக்கும் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ வண்டியைக் கொண்டுபோக வேண்டியிருப்பதால், அவருக்கு அது நாள்கணக்கில் அலைச்சலாகிவிடும். ஆகவே, பணம் கட்டுமுன் இவற்றைச் செய்யுங்கள்.

முதல் படி: எது புதிது என்று பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியே மற்றவற்றைத் தீர்மானிக்கிறது. புதிய முகப்பு, புதிய திரை, புதிய இருக்கை ஆகியவை வேறு. புதிய இன்ஜினும் கியர்பாக்ஸும் வேறு. 2024 டிசம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை ஹோண்டா அமேஸ், உடல் புதிதானாலும் முந்தைய மாடலின் 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினையே கொண்டிருந்தது. அதற்கு முந்தைய மாதம் வந்த மாருதி டிசையரில் மூன்று சிலிண்டர் இசட்12இ இன்ஜின் இருந்தது. ஆனால் அதே இன்ஜின் அந்த ஆண்டு மே மாதமே ஸ்விஃப்டில் வந்துவிட்டதால், டிசையர் வெளிவந்தபோது அது சாலையில் ஆறு மாதம் ஓடியிருந்தது. நீங்கள் விரும்பும் காரின் இன்ஜினும் கியர்பாக்ஸும் வேறு எந்த மாடலில், எத்தனை மாதமாக ஓடுகின்றன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: காத்திருக்கும் காலத்தை முடிவுசெய்யுங்கள்

இன்ஜின் பழையது, உடல் மட்டும் புதியது என்றால் மூன்று அல்லது நான்கு மாதம் போதும் என்பது என் கருத்து. இன்ஜினும் கியர்பாக்ஸும் புதியவை என்றால், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடக்கட்டும். சோதனை வண்டிகள் எவ்வளவு தூரம் ஓடியிருந்தாலும், ஆலை முழு வேகத்தில் உற்பத்தியைத் தொடங்கி, உதிரிபாகங்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேரும்போதுதான் சில பிழைகள் தலைகாட்டுகின்றன. 2022 ஜூனில் அறிமுகமான மஹிந்திரா ஸ்கார்பியோ-என், அதே ஆண்டு டிசம்பரில் கிளட்ச் பகுதியிலுள்ள ஒரு ரப்பர் பாகத்தைச் சோதிப்பதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டது, அதாவது விற்ற வண்டிகளை நிறுவனமே சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுவரச் சொன்னது. பாகம் வழங்கிய ஆலையில் தரம் பிரிப்பதில் நேர்ந்த பிழையே காரணம். ஓராண்டு மூத்த எக்ஸ்யூவி700-ம் அதே அழைப்பில் இருந்தது என்பதால், காத்திருப்பு எல்லாப் பிழைகளையும் தவிர்த்துவிடும் என்று எண்ண வேண்டாம். அது வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவே.

மூன்றாம் படி: விற்பனைப் பிரிவை விட்டு சர்வீஸ் பிரிவுக்குச் செல்லுங்கள்

முன் பம்பர், ஹெட்லைட், கண்ணாடி ஆகியவை கையிருப்பில் உள்ளனவா, இல்லையெனில் எத்தனை நாளில் வரும் என்று அங்குள்ள மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். என் மைத்துனர் ஒரு மாடலை வந்த மாதமே வாங்கினார். காரிமங்கலம் அருகே நாய் குறுக்கிட்டு பம்பர் உடைந்தபோது, மாற்றுப் பம்பருக்காக வண்டி வாரக்கணக்கில் நின்றது. வாரண்டி இருந்தும் பயனில்லை. விபத்துச் சேதம் அதில் அடங்காது, காப்பீடு பணம் தரலாமே தவிர, வராத பாகத்தை வரவழைக்காது.

நான்காம் படி: நம் சாலையில் ஓட்டிப் பாருங்கள்

ஷோரூமைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவதால் எதுவும் தெரியாது. நால்வரை ஏற்றி, ஏசியைப் போட்டு, தொப்பூர் கணவாயில் இறங்கி மீண்டும் ஏறிவர அனுமதி கேளுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் ஓசூர் நோக்கி ஏறும் மேலுமலைச் சாலையைத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்றத்தில் கியர் தடுமாறுகிறதா, இறக்கத்தில் கியரைக் குறைத்தால் இன்ஜின் வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறதா, தொடர்ந்து மிதித்த பிறகும் பிரேக் அதே உறுதியோடு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஐந்தாம் படி: காரை எடுக்கும் நாளில்

விற்பனைச் சான்றான படிவம் 21-இல் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும். அவற்றைப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள சேஸிஸ் எண்ணைக் குறித்துவைத்து, நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணுக்குத் திரும்ப அழைப்பு உண்டா என்று தேடுங்கள். முதல் ஆண்டில் ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்பும் இதே தேடலைச் செய்து, அழைப்பு இருந்தால் அந்த வேலையையும் ஜாப் கார்டில், அதாவது சர்வீஸில் செய்ய வேண்டியவற்றைக் குறிக்கும் தாளில், எழுதச் சொல்லுங்கள்.