அம்பாசிடர் பெஞ்ச் சீட்டுக்கு வீட்டிலேயே புது உறை

சீட்டைக் கழற்றித் திண்ணையில் கவிழ்த்துப் போட்டு, நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். உறையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் கட்டிங் பிளேயரால் நறுக்குங்கள். பிடித்து இழுத்தால் உறையின் ரெக்சின் (செயற்கைத் தோல்) கிழியும்; கிழிந்தது அளவுக்கு உதவாது. தையலைப் பிரிக்கும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் எண், மேல்பக்கம் காட்டும் அம்புக்குறி, அடுத்த துண்டோடு சேரும் இடத்தில் குறுக்குக் கோடு எல்லாம் போட்டாக வேண்டும்.

பழைய உறையை அப்படியே வைத்து வெட்டுவதுதான் பலரும் செய்கிற தப்பு. வருஷக்கணக்கில் ஆள் உட்கார்ந்து அது தொய்ந்திருக்கும். அந்தத் தொய்வு புது உறையிலும் வந்து நிற்கும். துண்டை அட்டையில் பரப்பித் தையல் கோட்டை மட்டும் வரையுங்கள். அட்டையை நடுவில் மடித்து, இரு பாதியும் ஒத்துப்போகும்படி திருத்துங்கள். தையலுக்கு அரை அங்குலம், அடியில் இழுத்துக் கட்டும் ஓரத்துக்கு 3 அங்குலம் கூடுதலாக விடுங்கள். ரெக்சின் அகலம் பெரும்பாலும் 54 அங்குலம். அந்த அகலத்துக்குள் அட்டைகளைத் தரையில் அடுக்கி நீளத்தை அளந்து, அரை மீட்டர் கூட்டி வாங்கினால் போதும்.

ஸ்பிரிங்கில் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு (துருத் தடுப்புப் பெயின்ட்) அடியுங்கள். ஒடிந்த ஸ்பிரிங்குக்கு வெல்டிங் வேண்டாம். சூட்டில் கம்பியின் முறுக்கு போய், பக்கத்திலேயே மறுபடி ஒடியும். மாற்றிவிடுங்கள். மேலே சணல் சாக்கை இறுக்கிக் கட்டுங்கள். சாக்கு இல்லாவிட்டால் கம்பி ஃபோமை அறுத்துவிடும். தேங்காய் நார் நன்றாக இருந்தால் வெயிலில் காயவைத்துத் தட்டித் திரும்பப் போடலாம், அதன்மேல் 1 அங்குல ஃபோம். முழுக்க ஃபோம் போட்டால் நெல்லை வெக்கையில் முதுகு வெந்துவிடும்.

ஃபோமை ஒட்ட, ரப்பர் பசையைச் சேரும் இரு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் சேருங்கள். சாரல் நாளில் இந்த வேலை வேண்டாம்; ஈரக்காற்றில் பசை வெளுத்துப் பிடிக்காமல் போகும். அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

தையலுக்குக் கால் மெஷினே போதும். 18-ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், அங்குலத்துக்கு 6 தையல். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி கிழியும். குண்டூசி குத்தாதீர்கள், ஓட்டை மூடாது. துணிக் கிளிப் போடுங்கள். ரெக்சின் மெஷினின் அழுத்துப் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்கள். பைப்பிங் (தையல் ஓரத்தில் உருண்டு நிற்கும், உள்ளே கயிறு வைத்த பட்டி) சேரும் மூலையில் நாலைந்து மடிப்பு வரும். அங்கே மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஊசி தப்பும். வளைவில் பைப்பிங்கின் உள்விளிம்பில், தையலைத் தொடாமல், சின்னச் சின்ன வெட்டு போட்டுவிடுங்கள்.

உறையை மாட்டும் முன் கால் மணி நேரம் வெயிலில் போட்டால் இளகும். முன்பக்க நடுவை முதலில் கட்டி, பின் நடுவை இழுத்துக் கட்டி, அங்கிருந்து இருபுறமும் மாறி மாறிப் போங்கள். மூலை கடைசி. ஒரு ஓரத்தில் தொடங்கினால் உறை முறுக்கிக்கொள்ளும். மூலையில் சுருக்கம் விழுந்தால் மேலும் இழுக்காதீர்கள், தையல் விட்டுவிடும். உள்ளே ஒரு பிடி பஞ்சைத் திணியுங்கள்.