ரிச்சாக ஓடும் பழைய கார்: ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்

சிக்னலில் நிற்கும்போது காருக்குள்ளேயே பெட்ரோல் வாடை. சைலன்சர் வாயில் விரலை விட்டால் கண்மை மாதிரிக் கரி ஒட்டுகிறது. டேங்க் நிரப்பிய இரண்டாம் நாளே முள் பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பத்மினி, அம்பாசடர், மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று எதை வைத்திருந்தாலும் இந்தத் தொல்லை ஒரு நாள் வரும். வண்டி ரிச்சாக ஓடுகிறது, அதாவது உள்ளே போகும் காற்றுக்கு வேண்டியதைவிடப் பெட்ரோல் அதிகம் போகிறது. உடனே கை, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் ஸ்க்ரூவுக்குத்தான் போகும். முதல் தவறு அதுதான்.

கரி பிடித்த ஸ்பார்க் பிளக்குக்கெல்லாம் கார்புரேட்டர் காரணம் இல்லை. பொறியைத் தரும் இக்னிஷன் பக்கத்தில் பாயின்ட் தேய்ந்து, கண்டென்சர் செத்து, காயில் சூடேறிப் பொறி பலவீனமாக விழுந்தாலும் பெட்ரோல் எரியாமல் வெளியே வரும். வாடை, மைலேஜ் குறைவு எல்லாம் அச்சாக அப்படியே இருக்கும். அதனால் பாயின்ட் இடைவெளி, பொறி விழும் நேரம் (டைமிங்), பிளக், ஏர் ஃபில்டர் நான்கையும் முதலில் சரி செய்துவிடுங்கள். பிளக்கில் உள்ள கரியையும் தொட்டுப் பாருங்கள். காய்ந்த பொடியாக இருந்தால் பெட்ரோல் மிச்சம். எண்ணெய்ப் பசையோடு பளபளத்தால் ரிங்கோ வால்வ் கைடோ போயிருக்கிறது. அதற்கு எந்த ஸ்க்ரூவும் மருந்து இல்லை.

குளிரில் ஸ்டார்ட் செய்யக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக் இன்னொன்று. சென்னை வெயிலில் நாம் சோக்கை இழுப்பதே அபூர்வம். மார்கழி விடியலில் ஒருமுறை இழுத்துவிட்டு உள்ளே தள்ளியிருப்போம். டாஷ்போர்டில் குமிழ் முழுக்க உள்ளே போயிருக்கும், ஆனால் பாதி துருப்பிடித்த கேபிள் கார்புரேட்டர் பக்கம் திரும்பியிருக்காது. பானட்டைத் திறந்து, அந்தப் பக்கத்து நெம்புகோல் கடைசிவரை போகிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் ஒரே சோதனை.

நம் ஊருக்கே உரிய ஒரு தவறும் உண்டு. இன்ஜின் சூடாகிவிடும் என்று பயந்து, சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது. அப்படிச் செய்த வண்டி, நெரிசலில்லாத சாலையில் வேண்டிய சூட்டுக்கு வருவதே இல்லை. கலவை இன்ஜினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டு குளிர்ந்திருந்தால் பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் ஈரமாக ஒட்டும். அதை ஈடுகட்ட யாரோ ஒருவர் ஸ்க்ரூவைத் திறந்து வைத்திருப்பார். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். ரேடியேட்டர் அடைப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடேறிய இன்ஜினில்தான் டியூனிங் செய்ய வேண்டும்.

சரி, இதெல்லாம் பார்த்தாயிற்று, கார்புரேட்டர்தான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது செய்யும் பெரிய தவறு, மிக்ஸ்சர் ஸ்க்ரூவால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது. பத்மினி போன்ற வண்டிகளில் உள்ள சோலெக்ஸ் கார்புரேட்டரில் அந்த ஸ்க்ரூ ஐடிலிங்குக்கு மட்டும்தான், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும் நேரத்துக்கு. ஈசிஆரில் அறுபதில் போகும்போது பெட்ரோல் வருவது மெயின் ஜெட் என்ற பித்தளைத் துளை வழியாக. அதற்கும் ஸ்க்ரூவுக்கும் சம்பந்தமே இல்லை. மாரிஸ் மைனர், பழைய அம்பாசடர் போன்றவற்றில் வரும் எஸ்யூ கார்புரேட்டர் வேறு ஜாதி. அதன் அடியில் உள்ள ஜெட் நட்டைத் திருப்பினால் ஐடிலிங் முதல் முழு வேகம் வரை எல்லாமே மாறும். மேலே ஏற்றினால் லீன் (பெட்ரோல் குறைவு), கீழே இறக்கினால் ரிச். ஆறு பட்டை உள்ள நட்டில் ஒரு நேரத்தில் ஒரு பட்டைக்கு மேல் திருப்பாதீர்கள். பிறகு கார்புரேட்டருக்குள் உள்ள பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் இன்னும் ரிச். லேசாகக் கூடி உடனே பழையபடி அடங்கினால் சரி. இன்ஜின் அணையப் பார்த்தால் லீன். எஸ்யூவின் மேல்மூடியில் கியர் ஆயில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கெட்டி எண்ணெய் பிஸ்டனை மெதுவாக ஏறவைக்கும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் கறுப்புப் புகை வரும்.

சோலெக்ஸ் ஸ்க்ரூவை இறுக்கி மூடாதீர்கள், அதன் கூர்முனை நசுங்கிவிடும். மெதுவாக உள்ளே தொடும்வரை போய், ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து தொடங்குங்கள். முழுக்க மூடிய பிறகும் இன்ஜின் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தால் அது பெரிய துப்பு. பெட்ரோல் வேறு வழியாக வருகிறது என்று அர்த்தம்.

என் 1986 பத்மினியில் நடந்தது அதுதான். நானோ அந்தத் துப்பைக் கவனிக்காமல் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்கு இரண்டு முறை அலைந்து மெயின் ஜெட்டை மாற்றினேன். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர், மாறவே இல்லை. மூன்றாவது வாரம் ஒரு மெக்கானிக் அண்ணன், ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஐடிலிங்கில் ஓடும்போதே டார்ச் அடித்து, “தம்பி, தொண்டைக்குள்ள பாருங்க” என்றார். மெயின் ஜெட்டின் பெட்ரோல் வெளிவரும் மெயின் நாசிலின் நுனியில் ஒரு துளி திரண்டு, நடுங்கி, விழுந்தது. அடுத்த துளி திரண்டது. ஐடிலிங்கில் அங்கே ஒரு சொட்டு கூட வரக்கூடாது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறி வழிகிறது. மூடியைத் திறந்து, பெட்ரோலில் மிதந்து மட்டத்தைக் காக்கும் பித்தளை ஃப்ளோட்டை என் காதருகே ஆட்டினார். உள்ளே களக் களக் என்று சத்தம். ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்த ஃப்ளோட் கனத்துத் தாழ்ந்துவிட்டது, பெட்ரோல் வரும் வழியை அடைக்க வேண்டிய நீடில் வால்வ் மூடவே இல்லை.

சத்தம் கேட்காவிட்டால் ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்குங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். பக்கத்தில் அடுப்போ நெருப்போ வேண்டாம். ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தால் தீர்ந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. அந்த ஈயத்தின் எடையே ஃப்ளோட்டைத் தாழ்த்தி மட்டத்தை ஏற்றும். புதியது போடுவதே நல்லது. கூடவே நீடிலையும் அதன் இருக்கையையும் மாற்றிவிடுங்கள். பழைய பம்ப் போய்விட்டதென்று இன்ஜெக்ஷன் வண்டியின் மின்பம்பைப் பொருத்தியிருந்தால், எந்த நீடிலாலும் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாது. கார்புரேட்டருக்கு மூன்று பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) தாராளம்.

இப்போது பெட்ரோல் பங்கில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் பெட்ரோலும் கணக்கில் வரும். சாதாரண பெட்ரோல் ஒரு பங்குக்கு, எடையில், காற்று 14.7 பங்கு வேண்டும். எத்தனாலில் ஆக்சிஜன் உள்ளேயே இருப்பதால் இதற்கு ஏறக்குறைய 13.5 போதும். ஆக, அதே ஜெட்டில் உங்கள் வண்டி முன்பைவிட லீனாக ஓடியிருக்க வேண்டும். அப்படியும் ரிச் என்றால் எங்கோ உண்மையாகவே வழிகிறது. பழைய ரப்பர் குழாயை எத்தனால் ஊறவைத்து உரிக்கும், அந்தத் துணுக்கு நீடிலின் இருக்கையில் சிக்கினாலும் மட்டம் ஏறும். குழாயை மாற்றாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவினால் பத்து நாளில் அதே கதை.

ஜெட்டைக் கம்பியால் குத்துவதை நான் எங்கே பார்த்தாலும் தடுத்துவிடுவேன். ஜெட்டில் பொறித்திருக்கும் 125 என்பது 1.25 மில்லிமீட்டர் துளை. இரும்புக் கம்பி பித்தளையைச் சுரண்டி அதை 1.30 ஆக்கிவிட்டால், துளையின் பரப்பு எட்டு விழுக்காடு கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாது, பிளக்கில் தெரியும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். எண் இல்லாத ஜெட்டை வாங்காதீர்கள்.

புகைச் சோதனை செய்யும் பியுசி எந்திரத்தை டியூனிங்குக்கே பயன்படுத்தலாம். பழைய கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு வரை அனுமதி. ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி எண் எப்படி மாறுகிறது என்று பாருங்கள், கற்றுக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் சான்றிதழுக்காக ஐடிலிங்கை மட்டும் லீனாக்கிவிட்டு வருவது வேண்டாம். அந்த எண் சாலையில் என்ன நடக்கிறது என்று சொல்லாது. அண்ணா சாலை நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டியின் பிளக்கும் அப்படித்தான், ஐடிலிங்கைப் பற்றி மட்டுமே பேசும். காலையில் காலியான சாலையில் சீரான வேகத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சை மிதித்து இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்தி, ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக் காபிக்கொட்டை நிறத்தை இப்போது எதிர்பார்க்க வேண்டாம், வெளிர் பழுப்பு வந்தாலே போதும். வெள்ளை வெளேரென்று இருந்தால் லீன் பக்கம் அதிகம் போய்விட்டீர்கள், எக்ஸாஸ்ட் வால்வ் கருகும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்து, அதைத் தேதியோடு எழுதிவைத்து, இரண்டு நாள் ஓட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

எல்லாம் சரியான பிறகும் ஒரு வேலை பாக்கி. ரிச்சாக ஓடிய நாட்களில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ, ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, அன்றைக்கே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.