வெறும் வண்டியில் ஃபோகஸ் வைக்காதீர்கள்: பிக்கப்புக்கு எல்இடி போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் என் கடைக்கு எதிரே ஒரு தம்பி தன் பிக்கப்பை நிறுத்தி, ஆன்லைனில் வாங்கிய எல்இடி பல்பைத் தானே மாட்டிக்கொண்டிருந்தான். டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பல்பைக் கழற்றினான், புதியதைத் திணித்தான், சுவிட்சைப் போட்டான். எதிர்ச் சுவரில் வெள்ளையாக விழுந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "எப்படிண்ணே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். மதியம் பன்னிரண்டு மணி, பின்னால் ஒரு தக்காளிப் பெட்டிகூட இல்லாத வெறும் வண்டி. ஒன்பது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு, அதே சிரிப்பு.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டை நம்பி ஓடும் ஊர் இது. பொலிரோ பிக்கப், தோஸ்த், குட்டி யானை என்று என் கடைக்கு வருவது பெரும்பாலும் லோடு வண்டிதான். அதனால் நான் சொல்வதெல்லாம் லோடு வண்டிக்கு. பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு வேலை பாருங்கள், பல்பு முனையைக் கையால் தொடாதீர்கள் போன்றவற்றைப் பெட்டிக்குள் இருக்கும் சீட்டிலேயே போட்டிருப்பான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மங்கலாக எரிந்தால் பல்பு மேல் பழி போடுவது

எல்இடி கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "லைட்டு மஞ்சளா எரியுதுண்ணே, ரோடே தெரியல."

பல்பை மாற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜின் ஓடட்டும், லைட் எரியட்டும். ஹோல்டரின் பின்பக்கம் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். பேட்டரியில் 14 இருக்கும். ஹோல்டரில் 12-க்கும் கீழே நிற்கும். சுவிட்சில் கரி, எர்த்தில் துரு, இற்றுப்போன வயர் என்று வழி நெடுக வோல்டேஜ் செத்துவிடும். ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போல விழுந்துவிடும். எர்த்தைச் சுரண்டி இறுக்கி, பேட்டரியிலிருந்து நேராக லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு ரிலே செட் போட்டுக் கொடுத்த பிறகு எல்இடியே வேண்டாம் என்று போனவர்கள் உண்டு. ஒரு பல்பு வியாபாரம் போச்சு, சரி. ஆனால் அவர்கள் இன்றும் என்னிடம்தான் வருகிறார்கள்.

எர்த்தைச் சரி செய்யாமல் எல்இடி போட்டால் வோல்டேஜ் குறைவாக இருந்தாலும் அது பாட்டுக்கு எரியும். கோளாறு மட்டும் உள்ளேயே இருக்கும். ஆறு மாதம் கழித்து இண்டிகேட்டரில் வந்து நிற்கும்.

சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்காதது

நம் பிக்கப்புகளில் நான் அதிகம் பார்ப்பது எச்-4 பல்பு. 60/55 வாட், மூன்று பின். அதற்குள் இரண்டு இழை. டிம்முக்கான இழைக்குக் கீழே கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறித்துவிடும். அதனால் டிம்மில் டூமின், அதாவது பல்பைச் சுற்றி இருக்கும் ஹெட்லைட் கிண்ணத்தின், மேல் பாதிதான் வேலை செய்யும். மேல் பாதியில் பட்ட வெளிச்சம் கீழே, ரோட்டைப் பார்த்துத் திரும்பும். எதிரே வருபவன் கண்ணைக் காப்பாற்றுவது அந்தக் கரண்டிதான்.

எல்இடியும் இதைத்தான் காப்பியடிக்க வேண்டும். சில்லுகள் (எல்இடியில் வெளிச்சம் தரும் சின்னச் சதுரங்கள்) இழை இருந்த அதே இடத்தில், இடமும் வலமும் பார்த்து நிற்க வேண்டும். தகடு கீழே இருக்க வேண்டும். பல பல்புகளில் காலர், அதாவது டூமில் உட்காரும் வளையம், தனியாகக் கழன்று சுற்றும். சின்ன ஆலன் கீ திருகாணி ஒன்று பிடித்திருக்கும். அது லூசாகிக் கால் சுற்று திரும்பினால்கூடப் போதும், சில்லு மேலும் கீழுமாகப் பார்க்கும், டூமின் கீழ் பாதியில் வெளிச்சம் பட்டு வானத்துக்குப் போகும். மரத்து உச்சியில் காக்காய் கூடு தெரியும், ரோட்டில் பள்ளம் தெரியாது.

வாங்கும்போது பழைய ஹாலஜனைக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, காலரிலிருந்து இழை எவ்வளவு தூரம், சில்லு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் அந்தப் பல்பு வேண்டாம். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

வெறும் வண்டியில் ஃபோகஸ் வைப்பது

இதற்குத்தான் வந்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் பக்கம் எல்இடி புதுசு. வாடிக்கையாக வரும் ஒருவர், ராத்திரி தக்காளி ஏற்றித் தாராபுரம் வழியாகத் திருப்பூர் போகிறவர், தன் பிக்கப்புக்குப் போடச் சொன்னார். போட்டேன். கடைக்கு எதிரே பன்னிரண்டு அடியில் ஒரு சுவர். அதில் இரண்டு வட்டமும் சமமாக, அழகாக விழும்படி திருகி வைத்தேன். அன்று ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணி, "பகல் மாதிரி இருக்குடா தம்பி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது நாள் விடியற்காலை மறுபடியும் போன். கள்ளிமந்தயம் தாண்டி எதிரே பால் கேனோடு வந்த ஒரு பைக்காரர் கண் கூசி, ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டார். தோள்பட்டை எலும்பு முறிவு. எங்கள் டிரைவர் நல்லவர், நிறுத்தி அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வைத்தியம், பைக், கொட்டின பால் என்று கணக்குப் பார்த்ததில் 40,000 ரூபாய்க்குப் பக்கம். பாதியை நான் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. ஆனால் வண்டியை என் கடை முன் லோடோடு கொண்டுவந்து நிறுத்தி, லைட்டைப் போட்டு, "நீயே பாரு" என்றார். பார்த்தேன். வெளிச்சம் ரோட்டில் இல்லை, தெருக்கோடியில் எதிரே வருபவர்கள் முகத்தில் இருந்தது.

கணக்கு சின்னக் கணக்குதான். டிம்மின் மேல் விளிம்பு 10 மீட்டர் தூரத்தில் ஹெட்லைட் உயரத்தைவிட 10 செ.மீ. கீழே விழ வேண்டும். அதாவது 1 சதவீதம் சரிவு. இப்போது லோடு ஏற்றுங்கள். ஸ்பிரிங் பட்டை அமுங்கி, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 8 செ.மீ. கூடுதலாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர். 300-க்கு 8 என்றால் 2.7 சதவீதம் வண்டியின் மூக்கு மேலே தூக்குகிறது. 1 சதவீதம் கீழே பார்த்த வெளிச்சம் இப்போது 1.7 சதவீதம் மேலே பார்க்கிறது. ஹெட்லைட் தரையிலிருந்து 80 செ.மீ. உயரம் என்றால், 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சத்தின் விளிம்பு 165 செ.மீ.யில் நிற்கும். பைக்கில் வருபவர் கண் அதற்குக் கீழே, நடு வெளிச்சத்துக்குள் இருக்கும். இது ஒழுங்காக 1 சதவீதம் வைத்த வண்டிக்கு. நான் வைத்ததோ சுவரில் பார்க்க அழகாக, சரிவே இல்லாமல்.

பன்னிரண்டு அடிச் சுவரில் இந்த வித்தியாசம் பத்து செ.மீ.கூட வராது. கண்ணுக்குத் தப்பே தெரியாது.

"பழைய பல்பிலும் இப்படித்தானே தூக்கியிருக்கும், அப்போ யாரும் விழலையே?" என்று அன்று நானும் கேட்டேன். தூக்கியிருந்தது. ஆனால் ஹாலஜன் எச்-4 டிம்மில் நல்ல வோல்டேஜ் இருந்தாலே வெளிச்ச அளவு சுமார் 1,000 லூமன்ஸ்தான். நம் வயரிங்கில் அதுவும் வராது. அந்த மங்கல் வெளிச்சம் தப்பான ஃபோகஸை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. எல்இடி அதை வெட்ட வெளிச்சமாக்கிவிட்டது, அவ்வளவுதான்.

எஃப்.சி.யில் (ஆர்.டி.ஓ. தகுதிச் சோதனையில்) பாஸ் ஆகிவிட்டது என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 106-வது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசக்கூடாது என்கிறது. மேலே சொன்ன லோடு வண்டியின் வெளிச்சம் 8 மீட்டரில் 94 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். பாஸ்தான்! அதோடு, எஃப்.சி.க்கு யார் தக்காளியை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்? டூம் நடுவில் ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கரும் இந்த விஷயத்தில் ஒன்றும் செய்யாது. திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்கும்.

இப்போது நான் செய்வது இதுதான். டயர் காற்றைச் சரி பார்த்து, வண்டியை வெறுமையாக மட்டத் தரையில் நிறுத்தி, முன் பின் சக்கரங்களுக்கு மேலே பாடியின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு என்று டேப் பிடித்து எழுதிக்கொள்வேன். அப்புறம் டிரைவர் லோடு ஏற்றியபின் மார்க்கெட் வாசலிலேயே அதே நான்கு இடத்தையும் அளந்து போனில் சொல்லச் சொல்வேன். அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, வெறும் வண்டியிலேயே அவ்வளவு கீழே இறக்கி வைப்பேன். "லோடோட வந்து உங்க கடையில நிக்க நேரமில்லண்ணே" என்பவர்களுக்கு இந்த வழி. நேரம் இருப்பவர்கள் லோடோடு வந்து, 10 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பார்த்து வைத்துக்கொண்டு போகலாம். லோடு கிடைக்காவிட்டால் 200 லிட்டர் டிரம் ஐந்தில் தண்ணீர் பிடித்து ஏற்றினால் ஒரு டன்.

வண்டி டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. வெறும் வண்டிக்கு 0-வில் ஃபோகஸ் வைத்துவிட்டு, லோடு ஏறியதும் நம்பரைக் கூட்டினால் வெளிச்சம் இறங்கும். அது எதற்கு இருக்கிறது என்றே தெரியாமல் பத்து வருடம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சக்கரம் இல்லாத வண்டிக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. லோடுக்கு ஏற்றபடி வைத்தால், திரும்பி வெறும் வண்டியாக வரும்போது சரிவு 3.7 சதவீதம் ஆகிவிடும். டிம் வெளிச்சம் 22 மீட்டரிலேயே முடிந்துவிடும். அதில் 40-க்கு மேல் போவது ஆபத்து. டிரைவர்கள் மறுநாளே வந்து, "தூக்கி வைங்கண்ணே" என்பார்கள். நான் தூக்குவதில்லை. ரோடு காலியாக இருந்தால் பிரைட் போட்டுக்கொள்ளட்டும், எதிரே ஆள் வந்தால் டிம் அடித்து மெதுவாகப் போகட்டும். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பெட்டி மேல் போட்டிருக்கும் லூமன்ஸ்

30 வாட் பல்பு 20,000 லூமன்ஸ் தராது. நம்பாதீர்கள்.

ரப்பர் மூடியைத் தூக்கி எறிவது

எல்இடியின் சூடு பின்பக்கம் போகும். அதற்குத்தான் பின்னால் அலுமினியத் துடுப்பும் குட்டி ஃபேனும். ஃபேன் இடிக்கிறது என்று டூமின் ரப்பர் மூடியைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். ஒரே மழைக்காலத்தில் டூமுக்குள் தண்ணீரும் புழுதியும் போய், உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். அப்புறம் எந்தப் பல்பு போட்டாலும் வெளிச்சம் வராது. டூமையே மாற்ற வேண்டியதுதான். ரப்பரின் நடு ஓட்டை வழியாக ஃபேன் வெளியே வருகிற மாதிரியான பல்பாகப் பார்த்து வாங்குங்கள். அதற்குப் பின்னால் பேட்டரியோ தகடோ இடிக்காமல் இடம் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் எல்இடி

தூரத்தில் வருபவனுக்கு பைக் மாதிரி தெரியும். வேண்டாம்.

கம்பெனி ஹோல்டரை வெட்டுவது

சில ஜப்பான் வண்டிகளில் நெகட்டிவ் பக்கம்தான் சுவிட்சுக்குப் போகும். பொதுப் பின்னில் பாசிட்டிவ் நிற்கும். நம் ஊர் எல்இடி அதில் எரியாது, அல்லது டிம்மும் பிரைட்டும் குழம்பும். உடனே பிளேடை எடுத்து ஹோல்டரை வெட்டி, வயரை முறுக்கி, டேப் சுற்றிவிடுவார்கள். வெயிலில் டேப் பசை உருகி, வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆகும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றி வைத்திருக்கும் வண்டியாக இருந்தால் வயரிங்கே எரியும். இதற்கென்று மாற்று கப்ளர் விற்கிறது. ஒருமுறை வெட்டிவிட்டால், ராத்திரி நடுவழியில் எல்இடி செத்தால் பழைய ஹாலஜனைச் சொருகி வீடு வந்து சேரும் வழியும் போச்சு. அந்தப் பழைய பல்பை டேஷ்போர்டுப் பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள்.

வெளிநாட்டு டூம் செட்

வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த டூம் வலப்பக்கம்தான் தூக்கி அடிக்கும். அங்கே நமக்கு எதிர் வண்டி வரும்.

6500-ஐ மட்டுமே கேட்பது

பெட்டியில் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) என்று போட்டதைத்தான் பால் வெள்ளை, நீல வெள்ளை என்று கேட்டு வாங்குகிறார்கள். காய்ந்த ரோட்டில் நன்றாகத்தான் இருக்கும். மழை பெய்து தார் ரோடு நனைந்த ராத்திரியில், அல்லது பழனி மலையடிவாரத்தில் பனி இறங்கும் மார்கழியில் ஓட்டிப் பாருங்கள். முன்னால் வெள்ளைத் திரை கட்டின மாதிரி இருக்கும். நான் என் சொந்த வண்டிக்கு 4300 கெல்வின் போட்டிருக்கிறேன், கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை. கடையில் கேட்டால், "அது இங்க ஓடாதுண்ணே, யாரும் கேக்கறதில்ல" என்பார்கள். இரண்டு மூன்று தடவை போய்க் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள்.