விலை குறைந்த டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ்: மி.மீ. கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

சித்திரா பௌர்ணமியன்று விடியலுக்கு முன்பே வைகைக் கரையில் இடம்பிடித்து நிற்பவரும், தை மாதம் அலங்காநல்லூர் கேலரியில் உட்கார்ந்திருப்பவரும் எட்ட இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் ஒரு லென்ஸைத்தான் விரும்புகிறார்கள். கடையில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மி.மீ.?" என்பதாகவே இருக்கிறது. அந்த எண் (லென்ஸின் குவியத் தூரம்) கூடினால் நெருக்கமும் கூடும் என்பதால், 250ஐவிட 300 மேல் என்று எண்ணிப் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

கையின் நடுக்கத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. கேனானின் ஏபிஎஸ்-சி கேமராவில் (சென்சார் ஃபுல் ஃபிரேம் கேமராவினதைவிடச் சிறியது) 250 மி.மீ. லென்ஸ், 1.6 மடங்கில், ஃபுல் ஃபிரேமின் 400 மி.மீ.க்கு இணையான நெருக்கத்தைத் தரும். நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு லென்ஸில் இல்லையென்றால், கையில் பிடித்து எடுப்பதற்கு ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/400 நொடியாவது இருக்க வேண்டும். எனவே கேனான் வைத்திருப்பவர், மலிவு என்பதற்காக நடுக்கத் தடுப்பு இல்லாத 75-300ஐ வாங்குவதைவிட, நடுக்கத் தடுப்பு (கேனான் மொழியில் ஐஎஸ்) உள்ள இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸைப் பழையதாகவேனும் தேடி வாங்குவது நல்லது. நிக்கானின் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 நடுக்கத் தடுப்போடும் அது இல்லாமலும் இரு வகையாக வந்திருப்பதால், அதைக் குறிக்கும் விஆர் என்ற எழுத்துகள் லென்ஸின் மேலேயே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டி90, டி7000 போன்ற பழைய நிக்கான் கேமராக்களில் ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸ் ஆகாது. அவற்றுக்கு ஏஎஃப்-எஸ் 55-300 விஆர் பொருந்தும்.

நடுக்கத் தடுப்பு நம் கையைத்தான் அடக்கும், காளையை அடக்காது. வாடிவாசலிலிருந்து பாயும் மாட்டைத் தெளிவாகப் பிடிக்க 1/1000 நொடி வேகம் வேண்டும், பகல் வெயிலில் அதற்கு எஃப் 5.6 போதும் (எஃப் எண் லென்ஸ் திறப்பின் அளவு; எண் குறைந்தால் திறப்பு பெரிது). அழகர் ஆற்றில் இறங்கும் விடியல் நேரம் அப்படியன்று, வெளிச்சம் குறைவு. எஃப் 2.8 லென்ஸ் எஃப் 5.6ஐவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும் என்றாலும், அதன் விலை நம் பேச்சுக்கே அப்பாற்பட்டது. ஆகவே ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, 3200 அல்லது அதற்கும் மேலே ஏற்றி, படத்தில் விழும் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். குதிரை வாகனம் ஆடி ஆடி வருகையில் மங்கிய படத்தைவிடப் புள்ளி விழுந்த படம் எவ்வளவோ மேல்.

அரிட்டாபட்டிப் பாறைகளுக்கு மேலே வட்டமிடும் கழுகுகளே நோக்கமென்றால், இந்த விலையில் எதையும் வாங்காமல் பணம் சேர்ப்பதே என் யோசனை. அங்கே 300 மி.மீ.யும் எட்டாது.

கடைக்குச் செல்லும்போது உங்கள் கேமராவையும் மெமரி கார்டையும் எடுத்துச் செல்லுங்கள். வாசலில் நின்று எதிர்ச் சாரிக் கடையின் பெயர்ப்பலகையை நேருக்கு நேர் வைத்து, ஜூமை முழுதும் நீட்டி, லென்ஸ் முழுதும் திறந்த நிலையில் ஒன்றும் எஃப் 8இல் ஒன்றுமாக எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முழுதும் திறந்த நிலையில் சற்று மங்கலாக இருப்பது இந்த விலையில் இயல்பு; பலகையின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கலங்கியும் இருந்தால், உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கக்கூடும் என்பதால் வேறொன்றைக் கேளுங்கள். பழைய லென்ஸானால் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் வழியே பாருங்கள். தூசி இரண்டொன்று இருப்பதில் குற்றமில்லை; சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் ஓடினால் அது பூஞ்சை, எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.