முதல் நாவலைக் கடைசிப் பக்கம்வரை கொண்டு செல்வது எப்படி?

முதல் நாவல் எழுத உட்காருபவர்களில் பலர் மூன்றாவது, நான்காவது அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். திறமை போதாததால் அல்ல. முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் அதையே செதுக்கிக்கொண்டிருப்பதால். ஆகவே இந்த விளக்கத்துக்கு ஒரே நோக்கம்தான்: கரடுமுரடாக இருந்தாலும் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு முழு வரைவு உங்கள் கையில் இருக்க வேண்டும். அழகு பார்க்கும் வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

1. மோதலை ஒரு வரியில் எழுதுங்கள்

கதைக்கரு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பல நேரம் வெறும் சூழ்நிலையாக இருக்கும். "ஒரு பழைய வீடு, அதில் வாழ்ந்த மூன்று தலைமுறை" என்பது சூழ்நிலை. அதை வைத்து இருபது பக்கம் ஓட்டலாம். "கடனில் மூழ்கிய அண்ணன் வீட்டை விற்றாக வேண்டும்; தங்கையின் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது; அவள் போட மறுக்கிறாள்" என்பது கதை. யாருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது யார் என்பது இதில் தெரிகிறது.

அதன் கீழே முடிவையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். வீடு விற்கப்படுகிறதா, இல்லையா? எழுதும்போது இந்த முடிவு மாறினால் மாறட்டும். ஆனால் போகும் இடம் தெரியாமல் புறப்படுவது முதல் நாவலுக்கு ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

2. காட்சிகளாகப் பிரியுங்கள்

பக்கத்துக்கு 200 சொல் என்று கணக்கு வைத்தால், 200 பக்க நாவலுக்கு 40,000 சொற்கள் வேண்டும். இந்த எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். 1,000 சொற்கள் கொண்ட காட்சிகள் 40 எழுதினால் நாவல் முடிந்துவிடும்.

நாற்பதையும் இப்போதே யோசிக்க வேண்டியதில்லை. நிச்சயம் நடந்தாக வேண்டிய பத்துக் காட்சிகளை மட்டும் காட்சிக்கு ஒரு வரியாகக் குறித்து வரிசைப்படுத்துங்கள். கதாபாத்திரங்களின் கண் நிறம், பிடித்த பாட்டு என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. எழுதுவதைத் தள்ளிப்போட அது நல்ல சாக்காகிவிடுகிறது. பெயர், வயது, உறவுமுறை ஆகியவற்றை மட்டும் தனித்தாளில் வையுங்கள்; 30ஆம் பக்கத்தில் 42 வயதாக இருந்த அண்ணன் 150ஆம் பக்கத்தில் 38 ஆகாமல் அது காப்பாற்றும்.

3. தினசரி அளவு

வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 300 சொல். இந்த வேகத்தில் 40,000 சொற்கள் ஏறக்குறைய ஆறு மாதத்தில் முடியும். 300 சொல் என்பது ஒன்றரைப் பக்கம்தான். வேலைக்குப் போகிறவரும் குழந்தை வளர்ப்பவரும் எட்டக்கூடிய அளவு அது.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப் தபால் துறையில் பணியாற்றிக்கொண்டே எழுதியவர். விடியற்காலை 5.30 மணிக்கு மேசையில் அமர்ந்துவிடுவார். முந்தைய நாள் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு 15 நிமிடத்துக்கு 250 சொல் வீதம் எழுதுவார். அப்படித்தான் 47 நாவல்கள் எழுதினார். அந்த வேகம் நமக்கு வேண்டியதில்லை. அந்த ஒழுங்கு வேண்டும்.

எழுத்தை நிறுத்தும்போது அடுத்து வருவதை மூன்று வரியில் குறித்துவிட்டு எழுந்திருங்கள். இப்படி:

*அடுத்து: பீரோவில் பத்திரம் இல்லை. அண்ணன் கேட்கிறான். தெரியாது என்கிறாள், ஆனால் அவளிடம்தான் இருக்கிறது.*

மறுநாள் வெற்றுத் திரையைப் பார்த்து விழிக்க வேண்டியிருக்காது. பொய் சொல்லும் தங்கையிலிருந்து நேரே தொடங்கிவிடலாம்.

4. பின்னால் போகாதீர்கள்

நேற்று எழுதியதைப் படிக்கலாம்; அதற்கு முந்தையதைத் தொடக்கூடாது. பாதிக் கதையில் அண்ணனுக்கு ஒரு மனைவி தேவை என்று தோன்றினால், திரும்பிப் போய்ச் சேர்க்காதீர்கள். "[இவளை 2ஆம் அத்தியாயத்தில் அறிமுகம் செய்ய வேண்டும்]" என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு, அவள் முதலிலிருந்தே இருந்ததுபோல் மேலே போங்கள். தகவல் தெரியாத இடத்திலும் இதேதான்: "[பத்திரப் பதிவு நடைமுறை விசாரிக்க]". கடைசி அத்தியாயம் எழுதிய பிறகு முதல் அத்தியாயம் எப்படியும் மாறப்போகிறது. இப்போது அதில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் வீண்.

5. நடுப்பகுதியைத் தாண்டுவது

கடினமான இடம் இதுதான். தொடங்கும்போது இருந்த உற்சாகம் வடிந்திருக்கும். முடிவு இன்னும் கண்ணில் படாது. பாத்திரங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள், எதுவும் நகராது. கதை செத்துவிட்டது என்று தோன்றும். பெரும்பாலும் சாகவில்லை, காட்சிகளுக்கு இடையே கண்ணி அறுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சோதித்துப் பாருங்கள். எழுதிய காட்சிகளை வரிசையாகச் சொல்லும்போது இடையில் எந்தச் சொல் வருகிறது? "அண்ணன் வந்தான். பிறகு சாப்பிட்டார்கள். பிறகு தங்கை பழைய படங்களைப் பார்த்தாள்." எல்லாம் "பிறகு". இதையே இப்படி மாற்றுங்கள்: "அண்ணன் பத்திரத்தைத் தேடுகிறான். ஆனால் தங்கை அதை ஒளித்துவிட்டாள். அதனால் அவள் கையெழுத்தைத் தானே போட்டுவிடத் துணிகிறான். ஆனால் கடன் கொடுத்தவர் அவள் கையெழுத்தை நன்றாக அறிந்தவர்." ஒவ்வொரு காட்சியும் அடுத்ததைப் பிடித்து இழுக்கிறது.

இது போதாவிட்டால், கதையின் பாதியில் வாசகருக்கும் பாத்திரத்துக்கும் ஒரு உண்மையை உடைத்துவிடுங்கள். அண்ணன் வாங்கிய கடன் தங்கையின் படிப்புக்காக என்று அவளுக்குத் தெரியவருகிறது என்று வையுங்கள். இதுவரை வீட்டைக் காப்பவளாக இருந்தவள் இப்போது கடன்காரியாகிவிடுகிறாள். அதன் பிறகு மீதி இருபது காட்சிகளுக்கு எழுத விஷயம் இருக்கும்.

6. மூடி வைத்து, திருத்துவது

வரைவு முடிந்ததும் ஒரு மாதம் அதைத் திறக்காதீர்கள். பிறகு அச்செடுத்து, கையில் பேனாவோடு ஒரே மூச்சில் படியுங்கள். முதல் சுற்றில் எழுத்துப் பிழை பார்க்கவே கூடாது. எந்தக் காட்சி தேவையில்லை, எது விட்டுப்போயிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். அடைப்புக்குறிக் குறிப்புகளையும் இப்போது தீர்த்துவிடுங்கள். நீக்கப்போகும் காட்சியில் சந்திப்பிழை திருத்தி என்ன பயன்?

அடுத்த சுற்று காட்சிகளுக்குள். உரையாடல்களில் முதல் சில வரிகளை வெட்டிப் பார்ப்பது எப்போதும் பலன் தரும். "வா அண்ணா." "நன்றாக இருக்கிறாயா?" "இருக்கிறேன். நீ?" "இருக்கிறேன். பத்திரம் எங்கே?" இதில் கடைசிக் கேள்வியோடு காட்சியைத் தொடங்கினால் அவன் அவசரம் உடனே தெரிந்துவிடுகிறது. சொல்லும் நடையும் மூன்றாவது சுற்றுக்கு. அப்போது வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் வாக்கியத்தைப் பிரித்து எழுதுங்கள்.

இதற்குப் பிறகு, நாவல் படிக்கும் பழக்கமுள்ள இரண்டு பேரிடம் கொடுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தி எழுந்து போனீர்கள், எங்கே குழப்பம் வந்தது, யாரை நம்ப முடியவில்லை என்று கேளுங்கள். இருவரும் ஒரே பக்கத்தைக் காட்டினால் அந்த இடத்தைத் திருத்தியே ஆக வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னது உங்களுக்குச் சரியாகப் படாவிட்டால், உங்கள் முடிவுப்படியே விட்டுவிடலாம்.