ஹெல்மெட் தெர்மாகோலில் ஓர் இயற்பியல் ஆய்வு

வேளச்சேரி சாலையில் ஹெல்மெட்டைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, உந்தத்தைக் கரும்பலகையில் மட்டும் நடத்த எனக்கு மனம் வரவில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு நான் செய்துகாட்டும் ஆய்வு இது.

தேவை: கொக்கி வைத்த 200 கிராம் எடை, ஹெல்மெட்டின் உட்புறத்தில் இருப்பதைப் போன்ற, 3 செ.மீ. தடிமனுள்ள தெர்மாகோல், வரைபடத்தாள், நொடிக்கு 240 படம் பிடிக்கும் செல்போன். ரிச்சி தெருவில் வாங்கிய சாதாரண ஸ்டாண்ட் போதும். எஃகு அளவுகோல் வேண்டாம். வெளிச்சத்தில் பளபளத்து, கோடுகள் தெரியாது. வரைபடத்தாளையே பின்னால் ஒட்டுங்கள்.

1. எடையைத் தெர்மாகோலுக்கு மேலே சரியாக 1 மீட்டரில் பிடித்து விடுங்கள். காலைத் தள்ளி வையுங்கள்.

2. எடை எவ்வளவு ஆழம் இறங்கியது என்று அளக்க வேண்டும். நான் தடுமாறியது இங்கேதான். முதலில் ஸ்பாஞ்சில் செய்தேன். "பள்ளமே இல்லையே, சார்" என்றாள் ஒரு மாணவி. உண்மைதான், அது நிமிர்ந்துவிட்டது. தெர்மாகோலும் சிறிதளவு நிமிரும். அதனால் பள்ளத்தை அளக்காதீர்கள். வீடியோவில் எடை மிகத் தாழ்ந்திருக்கும் படத்தில் நிறுத்தி வாசியுங்கள். வீடியோவின் நேரத்தையும் சரிபாருங்கள்: 1 மீட்டர் விழ 0.45 நொடி, அதாவது ஏறத்தாழ 108 படங்கள். நொடிக்கு 30 படம் என்று கணக்கிட்டால் விடை எட்டு மடங்கு பிசகும்.

3. விழுந்த உயரத்தை இறங்கிய ஆழத்தால் வகுங்கள். எங்களுக்கு 2 செ.மீ. வந்தது, 100 செ.மீ.-ஐ அதால் வகுத்தால் 50. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 50 மடங்கில் எடை நின்றிருக்கிறது. கட்டாந்தரையில் 2 மி.மீ.க்குள் நிற்பதாக வைத்துக்கொண்டால் 500 மடங்கு. விழுந்த வேகம் இரண்டிலும் ஒன்றே, மணிக்கு 16 கி.மீ. கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் இந்தியத் திட்டமான பாரத் என்கேப்பின் முன்மோதல் சோதனையில் கார் மோதும் 64 கி.மீ. வேகம், 16 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது.

4. அதே பள்ளத்தில் மறுபடியும் போடுங்கள். எங்கள் எடை கூடுதலாக 1 செ.மீ. கூட இறங்கவில்லை, வெள்ளை மணிகள் ஏற்கெனவே நசுங்கி இறுகியிருந்தன. ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பிற்சேர்க்கை: எடை சாய்ந்து விளிம்பில் விழுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். நூலில் தொங்கவிட்டு, ஆடாமல் நின்றதும் கத்தரியால் நூலை வெட்டுங்கள்; நேராக இறங்கும்.